அல்லியின் வலது கை

2025 ஆகஸ்ட் 25, திங்கள்

சிட்ரேட் டிரம் வந்து இறங்கிவிட்டது. முழுப்பெயர் அசிட்டைல் ட்ரைபியூட்டைல் சிட்ரேட். லேபில் அதைத் திக்காமல் யார் சொல்வது என்று போட்டி வைத்து ஷஃபீனா ஜெயித்துவிட்டாள். எலுமிச்சம்பழத்தில் இருக்கிற அமிலத்தையும் பியூட்டைல் ஆல்கஹாலையும் சேர்த்துச் செய்கிற எண்ணெய். பார்க்க எவ்வளவு சாது. நிறம் இல்லை, வாசனையும் இல்லை என்றே சொல்லலாம். தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எனக்குப் பிடித்துவிட்டது.

எங்கள் கம்பெனி செய்வது பொம்மைக்கான பி.வி.சி. குருணை. பி.வி.சி. தனியாக இருந்தால் தண்ணீர்க் குழாய் போல விறைப்பாக இருக்கும். இப்படி ஒரு எண்ணெயைச் சேர்த்துச் சூடாக்கினால்தான் காது மடல் மாதிரி மெத்தென்று ஆகும். இத்தனை வருடம் சேர்த்தது தாலேட் வகை. குழந்தைகளின் ஹார்மோனோடு விளையாடும் என்று பொம்மைகளில் அதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. அதனால் இப்போது சிட்ரேட்.

சாயங்காலம் கோவில்பத்து வீட்டுக்கு வந்தால் கூடத்தில் கதிரவனின் மகள் நித்யா. வாயில் பொம்மையின் வலது கை. அது என்ன எண்ணெயில் செய்த கையோ, யாருக்குத் தெரியும்? காரைக்கால் மாங்கனித் திருவிழாக் கடையில் அவள் அம்மா வாங்கிக் கொடுத்ததாம். முத்திரை எதுவும் இல்லாத சரக்கு.

நாள் முழுக்கப் பொம்மையின் பாதுகாப்பைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறேன். என் வீட்டில் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. லீவு. கொழுக்கட்டை மூன்று தடவை பிளந்துகொண்டது, நாலாவது தடவை பிள்ளையார் பார்த்து மன்னித்தார்.

நித்யா முதல் கொழுக்கட்டையைப் பொம்மைக்கு ஊட்டினாள். பொம்மையின் பெயர் அல்லி. என்னை அவள் எதுவும் கூப்பிடுவதில்லை. வைகாசியில் கல்யாணம் ஆகி நான் இந்த வீட்டுக்கு வந்த வாரமே கதிரவன், "சித்தின்னு கூப்பிடும்மா" என்றார். தலையை ஆட்டினாள். கூப்பிடவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் பக்கத்தில் டம்ளரை வைத்துவிட்டு நிற்பாள். அப்பாவிடம் பேசும்போது நான் "அவங்க".

முப்பத்தெட்டு வயதில் எனக்கு இது முதல் கல்யாணம், அவருக்கு இரண்டாவது. புருஷனோடு எப்படி இருப்பது என்று எல்லாரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். ஏழு வயதுப் பெண்ணோடு எப்படி இருப்பது என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

அவள் கை அலம்ப ஓடியபோது அல்லியைத் தொட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பு.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பிசுபிசுப்பு எங்கிருந்து வருகிறது என்று இன்றைக்குப் புரிந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நித்யா அடுப்படிக்கு வந்து ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். அல்லியைக் காலில் கிடத்தி உச்சந்தலையில் எண்ணெய் வைத்தாள். நெற்றி, காதுக்குப் பின்னால், கை, கால், விரல் இடுக்கு. தட்டித் தட்டித் தேய்த்தாள். பிறகு கண்ணில் படாமல் கை அணைத்துத் தண்ணீர் ஊற்றினாள். ஒரு கைக்குழந்தையை அவ்வளவு பதமாக என்னால் குளிப்பாட்ட முடியுமா என்று தெரியவில்லை.

கதிரவன் வந்ததும் கேட்டேன். "நாயகி இருந்தப்ப வெள்ளிக்கிழமை தவறாம இவளுக்கு எண்ணெ தேச்சு ஊத்துவா. எனக்கு அது வரலை உமா. முடியையும் பாப் வெட்டிவிட்டுட்டேன். இவ பொம்மைக்குச் செய்றா. செய்யட்டும்னு விட்டுட்டேன்." அவருடைய முதல் மனைவி தையல்நாயகி காய்ச்சலில் போய் மூன்று வருடம் ஆகிறது. மூன்று வருட வெள்ளிக்கிழமைகள்.

பி.வி.சி.க்குள் போட்ட எண்ணெய் அதோடு ஒட்டிப் பிணைந்து போவதில்லை, உள்ளே குடியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் கூப்பிட்டால் வராது. நல்லெண்ணெய் கூப்பிட்டால் சட்டென்று வந்துவிடும். நித்யா தேய்க்கத் தேய்க்க உள்ளே இருப்பது வெளியே வருகிறது. அந்தக் கையைத்தான் வாயில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். பொம்மை வேறு வாராவாரம் விறைத்துக்கொண்டே போகும்.

லேபில் யாராவது இப்படி ஒரு பரிசோதனையைத் திட்டம் போட்டுச் செய்திருந்தால் பாராட்டியிருப்பேன்.

ஆகஸ்ட் 30, சனி

எனக்கு வேண்டியது இரண்டு. அந்தக் கை அவள் வாயிலிருந்து வெளியே வர வேண்டும். அவள் என்னைவிட்டு இன்னும் தள்ளிப் போகாமல் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்குமா?

செப்டம்பர் 2, செவ்வாய்

நித்யா தூங்கியபோது பொம்மையின் கையைப் பஞ்சால் துடைத்து வைத்திருந்தேன். ஷஃபீனா அதை இன்ஃப்ரா ரெட் மெஷினில் போட்டுப் பார்த்தாள். தாலேட் இருந்தால் வரைபடத்தில் ஒரு இடத்தில் இரட்டைச் சிகரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். சிட்ரேட்டில் அது இருக்காது. இதில் நின்றது.

"எம்மாடி, ஜோடியா நிக்கிதுக்கா" என்றாள் ஷஃபீனா.

எவ்வளவு என்று அந்த மெஷின் சொல்லாது. கொஞ்சமாகவும் இருக்கலாம். ஆனால் இருக்கிறது. மூன்று வருடமாக வாயில்.

செப்டம்பர் 3, புதன்

நித்யா பள்ளிக்கூடம் போனதும் அல்லியை எடுத்துப் பீரோ மேல் பெட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டேன். வேலை முடிந்து பாரதியார் வீதியில் இறங்கி ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட புதுப் பொம்மை வாங்கினேன். பெரிசு. கண் மூடித் திறக்கும். கவுன் ரோஸ் நிறம்.

புதுப் பொம்மையைக் கையில் வாங்கிக்கொண்டாள். "தேங்க்ஸ்" என்றாள். ஸோபா மேல் உட்கார வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தாள். அல்லி எங்கே என்று என்னிடம் கேட்கவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

அழுதிருந்தால் தேவலை. அழவே இல்லை. ராத்திரி சாப்பிடல, காலையில இட்லிய ஒரு வாய் வெச்சிட்டு எழுந்துட்டா. சட்டைக் காலரை மென்னு மென்னு ஈரமாக்கி வெச்சிருக்கா. உதட்டோரம் புண்ணு. பள்ளிக்கூடத்துக்குப் போற வரைக்கும் ஒவ்வொரு கட்டிலுக்கும் அடியில குனிஞ்சு பாத்தா. நான் அங்கதான் நிக்கிறேன், என்னைத் தாண்டிப் போய் பாக்குறா. என்ன காரியம் பண்ணிட்டேன் நான்? அவ அம்மா கொடுத்ததுல மிச்சம் இருக்கிற ஒண்ண எடுத்து ஒளிச்சுட்டு, பெரிய விஞ்ஞானின்னு நெனப்பு.

லேபில் ஷஃபீனாவிடம் சொன்னேன். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், புருஷன் ஷார்ஜாவில், தனியாகவே வளர்க்கிறாள். என் முகத்தைப் பார்த்துத் திட்டாமல்தான் ஆரம்பித்தாள். "ஒங்க குவாலிட்டி கண்ட்ரோல வீட்ல காட்டாதீங்கக்கா. ரிஜெக்ட்னு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமா வைக்க அது என்ன சரக்கு லாட்டா?"

அரை நாள் லீவு போட்டு வந்தேன். நித்யா வரும்போது அல்லி ஸோபாவில். "நான்தான் எடுத்து வெச்சேன் நித்யா. தப்பு. இனிமே எடுக்க மாட்டேன்" என்றேன். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அடிபட்டிருக்கிறதா என்று. பிறகு கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் சோறு வைத்தேன். சாப்பிட்டாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

மீலாது நபி. ஷஃபீனா வீட்டிலிருந்து நெய்ச்சோறு வந்தது. நித்யா எண்ணெய்க் கிண்ணத்தோடு கொல்லைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டாள். இதற்கு முன் தாழ் போட்டதில்லை.

செப்டம்பர் 13, சனி

அல்லியின் வலது கை கட்டைவிரலுக்குக் கீழே வெடித்துவிட்டது. நேற்றுக் குளிப்பாட்டும்போது மடக்கிப் பார்த்திருக்கிறாள். எண்ணெய் எல்லாம் போன பி.வி.சி. மடங்காது.

"கையி ஒடஞ்சிருச்சுப்பா. அவங்க ஒளிச்சு வெச்சாங்கள்ல, அதான்" என்று அப்பாவிடம் சொன்னாள். அடுப்படியில் எனக்குக் கேட்டது. இல்லை என்று சொல்ல எனக்கு ரசாயனம் முழுக்கத் தெரியும். சொன்னால் உடைத்தது நீதான், உன் எண்ணெய்தான் என்று ஆகும். அதை அவளிடம் சொல்ல நான் யார்? என் மேலேயே இருக்கட்டும்.

கதிரவன் பசையை எடுத்துக்கொண்டு வந்தார். தடுத்துவிட்டேன். அது வேறு வாயில் போக வேண்டுமா?

செப்டம்பர் 21, ஞாயிறு

இன்றைக்கு அவள் சிரித்தாள். எழுதி வைக்கிறேன்.

நாகப்பட்டினத்தில் கதிரவனின் ஆபீஸ் நண்பர் வீட்டு நிச்சயதார்த்தம். அங்கே பார்சல் ஆபீசில் போடச் சொல்லி சிட்ரேட் சாம்பிள் பாட்டிலை அவரிடம் கொடுத்திருந்தேன். வெளியூர் லேபுக்குப் போக வேண்டியது. காரைக்காலிலிருந்து பாட்டிலோடு வெளியே போகிற எவனும் சரக்கு கடத்துகிறவன்தான் என்பதை நான் மறந்துவிட்டேன். எல்லைச் சாவடியில் பைக்கை நிறுத்தியிருக்கிறார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் கதிரவன் நடித்தே காட்டினார். "போலீஸ்காரர் மூடியத் தொறந்து மோந்து பாக்குறார். ஒண்ணும் வரலை. குலுக்குறார். நொரைக்கல. 'என்ன சார் இது, தண்ணியும் இல்ல, சரக்கும் இல்ல?'ங்கிறார். 'பொம்மைக்குப் போடுறது சார்'னேன். 'பொம்ம குடிக்குமா?'ங்கிறார்."

நித்யாவுக்குப் புரை ஏறிவிட்டது. பொம்மை குடிக்குமா, பொம்மை குடிக்குமா என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முன்பல் விழுந்த இடம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எப்போது விழுந்தது? யாரிடம் காட்டினாள்?

சிரிப்பு நின்றதும் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள், "நெசமாவே பொம்மைக்குப் போடுற எண்ணெயாப்பா?"

"எனக்குத் தெரியாது. அவங்களக் கேளு."

கேட்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்தாள்.

செப்டம்பர் 22, திங்கள்

கேட்டுவிட்டாள். அடுப்படிக்கு அல்லியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்று, நேராக என்னிடம்.

"அந்த எண்ணெய இவ கையில தேச்சா மெத்துன்னு ஆயிருமா?"

தோசைக் கரண்டியைக் கீழே வைத்தேன். ஆகும் என்று சொல்லிவிட ஆசை. "மேல தேச்சா உள்ள சரியாப் போவாது நித்யா. பிசுபிசுன்னு ஆயிரும். வெடிச்ச எடமும் ஒட்டாது."

"அப்பறம் எப்படி உள்ள போவும்?"

"மாவு மாதிரி ஒரு தூளு இருக்கு. அதுல இந்த எண்ணெய ஊத்திக் கரைக்கணும். தோசை மாவு பதத்துக்கு வரும். அச்சுல ஊத்தி அடுப்புல வெச்சா வெந்து மெத்துன்னு வரும்."

அடுப்பில் இருந்த தோசையைப் பார்த்தாள். "அப்பிடியா" என்றாள். பெரிய மனுஷி மாதிரி.

"புதுக் கை ஒண்ணு செஞ்சு தரட்டுமா?" என்று கேட்டேன். அல்லியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவசரப்பட்டுவிட்டேனோ? தோசை கருகிவிட்டது.

செப்டம்பர் 24, புதன்

சிட்ரேட்டின் பாதுகாப்பு அறிக்கையை இன்று மறுபடி படித்தேன். கம்பெனிக்காக ஏற்கெனவே படித்ததுதான். இந்தத் தடவை வேறு மாதிரி படித்தேன். உடலுக்குள் போனால் சீக்கிரம் உடைந்து பெரும்பாலும் வெளியே போய்விடுகிறது. தோலை அரிப்பதில்லை. எலிகளுக்கு நிறையக் கொடுத்துப் பார்த்தபோது எடை ஏறுவது குறைந்திருக்கிறது, பொம்மையிலிருந்து குழந்தைக்குப் போவது அதில் எங்கோ ஒரு துளி. உணவு சுற்றும் தாளிலும் சூயிங் கம்மிலும்கூடச் சேர்க்கிறார்கள். ஈரலில் ஏதாவது செய்கிறதா என்று இன்னும் சிலர் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இதுவும் கொழுப்பில் கசியும், தாலேட் மாதிரியேதான். கசிவது எது என்பதில்தான் வித்தியாசம்.

ஆக, பாதுகாப்பானது என்றால் இதுவரை தெரிந்தவரை என்று அர்த்தம். கம்பெனி நோட்டீசில் அப்படி எழுத மாட்டார்கள். நான் எனக்கு எழுதிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இன்றைக்கு எண்ணெய் கேட்கவில்லை. என்னிடம் வந்தாள்.

"கைய மட்டும் மாத்தினா இவ அல்லிதானே?"

"அல்லிதான்."

"ரெண்டு கையையும் மாத்தினா?"

"அப்பவும் அல்லிதான்."

"மொகத்த மாத்தினா?"

"மொகத்த மாத்த மாட்டேன் நித்யா. யாரும் மாத்த முடியாது" என்றேன்.

பிறகு அல்லியின் வலது கையைத் திருகிக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். "வலிக்காம பாத்துக்குங்க."

பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷம்தான். கொஞ்சம் பயமும்.

செப்டம்பர் 29, திங்கள்

மேனேஜர் குஞ்சிதபாதம் சாரிடம் போய் அடுப்பையும் சிட்ரேட்டில் ஒரு டம்ளரும் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புது கிரேடுக்கு இன்னும் ஒரு ஆர்டர்கூட வரலியேன்னு இருந்தேன். மொதல் கஸ்டமர் நம்ம வீட்டுப் புள்ளையா. செய்ங்கம்மா. ஆனா சாம்பிள் நல்லா வரணும். மூஞ்சில அடிச்ச மாதிரி கம்ப்ளெய்ண்ட் பண்றது கொழந்தைங்கதான்."

பழைய கையை வைத்துப் பிளாஸ்டர் அச்சு எடுக்க வேண்டும். வெடிப்பை மெழுகால் அடைத்தேன். கட்டைவிரலைச் சுற்றிப் பல் தடங்கள். அதையும் அடைத்து வழவழப்பாக்கலாம் என்று மெழுகைத் தொட்டேன், மனசு வரவில்லை. மூன்று வருடம் மென்ற தடம். அப்படியே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. லேப் அடுப்புக்குச் சந்தனப் பொட்டு. ஷஃபீனா சுண்டல் தின்றுகொண்டே அடுப்பைப் பார்த்து, "கை நல்லா வரணும்னு வேண்டிக்குங்க" என்றாள்.

வரவில்லை. நேற்று வார்த்தது முழுக்கக் கொப்புளம். அச்சில் ஈரம் இருந்திருக்கிறது. சூட்டில் ஆவி கிளம்பி மாவுக்குள் புகுந்துவிட்டது. பெரியம்மை வந்த கை மாதிரி இருக்கிறது.

வீட்டில் நித்யா கேட்டாள், "வெந்துருச்சா?" "இன்னும் இல்ல." "சரி." அல்லியை ஒரு கையோடு தூக்கிக்கொண்டு போனாள். வேறு எதையும் வாயில் வைக்கவில்லை, இடது கையைக்கூட. காத்துக்கொண்டிருக்கிறாள். இவ்வளவு பொறுமை இருக்கிற பிள்ளையிடம்தான் நான் அந்த வேலை செய்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

அச்சை நன்றாகக் காயவைத்து மறுபடி வார்த்தேன். கொப்புளம் இல்லை. நிறம் தப்பு, இட்லி வெள்ளை. ஷஃபீனா நிறத்தூள் கலந்து பார்த்தாள், ஒன்று பூசணிக்காய், ஒன்று ரோஜா. அல்லியின் நிறம் வெயில் பட்டு மங்கிய மாநிறம். டப்பாவில் இருப்பதெல்லாம் புதுசு. புதுசைப் பழசு மாதிரி ஆக்குவதுதான் கஷ்டம்.

அக்டோபர் 9, வியாழன்

வந்துவிட்டது.

அச்சிலிருந்து உரித்தேன். மடக்கினேன், மடங்கியது. விட்டேன், பழையபடி நிமிர்ந்தது. நகம் ஐந்தும் தெரிகிறது. சோப்புத் தண்ணீரில் அலசி, வெந்நீரில் ஒரு தடவை அலசி, மெஷினில் பார்த்தோம். இரட்டைச் சிகரம் இல்லை. ஷஃபீனா அந்தக் கையோடு கை குலுக்கினாள்.

தோளில் பொருத்தும் இடத்தில் பழைய உடம்பின் எண்ணெய் புதுக் கைக்குள் மெதுவாக ஏறும். அலுமினியத் தாளை வளையமாக வெட்டி நடுவில் வைத்தேன். கையை அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருந்துவிடலாம். அச்சு இருக்கிறது.

வீட்டில் நித்யா அதை உடனே வாங்கவில்லை. என் கையில் இருக்கும்போதே ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். கட்டைவிரலுக்கு வந்ததும் நின்றாள். தடவினாள். மறுபடி தடவினாள்.

"என் பல்லு இருக்கு" என்றாள்.

"ஆமா. அத எடுக்கல."

அல்லியின் தோளில் அவளே பொருத்தினாள். பிறகு வைத்தியரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள், "வாயில வெச்சா இவளுக்கு வலிக்குமா? எனக்கு ஒண்ணும் ஆவாதா?"

"தெரிஞ்ச வரைக்கும் ஒண்ணும் ஆவாது. ஆனா நாள் முழுக்க மெல்ற சாமான் இல்ல. தூங்கும்போது மட்டும் வெச்சுக்க. இன்னொண்ணு நித்யா, அல்லிக்கு எண்ணெ ஒத்துக்காது. தேச்சா மறுபடி வெறச்சிரும்."

முகம் மாறிவிட்டது. அவளுக்குப் புரிந்துவிட்டதா, யார் எண்ணெய் என்று? "நான் தேச்சதாலயா?"

"தெரியாம யாரும் செய்றதுதான். எனக்கே வேலைக்குப் போயித்தான் தெரிஞ்சது."

"அப்ப வெள்ளிக்கெழம என்ன செய்றது?"

"தண்ணியில மட்டும் குளிப்பாட்டலாம்."

"அது குளியலே இல்ல" என்றாள்.

உண்மைதான்.

அக்டோபர் 10, வெள்ளி

அல்லியைத் தண்ணீரில் குளிப்பாட்டினாள். சீக்கிரம் முடிந்துவிட்டது. முடிந்த பிறகும் ஈரப் பொம்மையைக் காலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். கதவு தாழ் போடவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

மழை பிடித்துக்கொண்டது. கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றிக் கொல்லைக்குப் போகிற வழியில் நினைவு வந்து நின்றாள். திரும்பி வந்து கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். பாட்டிலில் திரும்ப ஊற்றினேன். அவளிடமிருந்து மூன்று வருட வெள்ளிக்கிழமையை வாங்கிப் பாட்டிலில் ஊற்றி மூடின மாதிரி இருந்தது.

வா, உனக்குத் தேய்த்துவிடுகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அவள் அம்மாவின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன் என்று ஆகிவிட்டால்? கேட்காமல் எடுத்து ஒரு தடவை பட்டாயிற்று.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்குத் துணி எடுத்தோம். எனக்கு அரக்குச் சிவப்பில் பருத்திச் சேலை. நித்யாதான் கை காட்டினாள். என்னிடம் இல்லை, கடைக்காரரிடம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி.

விடியலில் மனையைப் போட்டுக் கோலம் இழுத்து எண்ணெய் காய்ச்சி வைத்தேன். வீட்டுப் பெண்பிள்ளைதான் எல்லார் தலையிலும் எண்ணெய் வைக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கு முதல் தீபாவளி. கதிரவன் உட்கார்ந்தார், வைத்தேன். கூச்சப்பட்டார், நானும்.

நித்யா அல்லியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். நான் கூப்பிடவில்லை, மனையைத் துடைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். அல்லியைச் சுவரோரம் உட்கார வைத்தாள். "இவளுக்கு எண்ணெ ஆவாதுப்பா. டாக்டர் சொல்லிட்டாங்க" என்று அப்பாவிடம் விளக்கினாள். பிறகு வந்து என் முன்னால், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

உச்சியில் வைத்தேன். பாப் முடி இப்போது கழுத்தைத் தாண்டியிருக்கிறது. எண்ணெய் இளஞ்சூடாக இருந்தது, அவள் தலை அதைவிடச் சூடு. நெற்றி வரை வந்து நிறுத்திக்கொண்டேன்.

"காதுக்குப் பின்னாடி" என்றாள். "அம்மா அங்கயும் வெப்பாங்க."

வைத்தேன். கழுத்து, தோள், கை, விரல் இடுக்கு. எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்திருந்தது. ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேனே. கண்ணில் படாமல் கை அணைத்துத் தண்ணீர் ஊற்றினேன்.

மத்தியானம் மழைச் சத்தத்தில் மூன்று பேரும் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தோம். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்குப் பகலில் தூங்கக் கூடாது என்பார்கள், யார் கேட்கிறார்கள்? நான் விழித்தபோது கதிரவன் குறட்டை. அல்லி நடுவில் குப்புறக் கிடந்தாள், புதுக் கை அவள் வயிற்றுக்குக் கீழே மடங்கியிருந்தது. நித்யா அவளைத் தாண்டி என் பக்கம் வந்து படுத்திருந்தாள். என்னை இன்னும் எதுவும் கூப்பிட்டபாடில்லை. நல்ல தூக்கம். வாயில் என் முந்தானை நுனி.

எழுந்திருக்க முடியவில்லை. காபி போட வேண்டும், பக்கத்து வீட்டுக்குப் பலகாரத் தட்டு கொடுக்க வேண்டும், அசையாமல் படுத்திருந்தேன். அவள் மெல்லுகிற சத்தம்கூடக் கேட்டது.

புதுச்சேலை, ஒரு தண்ணீர்கூடப் பார்க்காதது. அரக்குச் சிவப்பு வேறு, என்ன சாயத்தில் முக்கினார்களோ. நாளைக்கு ஓரத்தில் ஒரு நூல் உருவிக்கொண்டு போய் ஷஃபீனாவிடம் கொடுக்க வேண்டும்.